பெயரேடும் சாட்சியும்: ஏற்காட்டில் தங்க வந்தவர்களின் வரலாறு

ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் பணம் கொடுத்து அந்நியர் வீட்டில் இரவு தங்கும் வழக்கத்துக்கு இருநூறு ஆண்டு வயதுகூட நிரம்பவில்லை. அதற்கு முன் மலை ஏறியவர்கள் மலைபடு பொருள் வாங்க வந்த வியாபாரிகளும், சேர்வராயன் குகைக்கோயில் திருவிழாவுக்கு வந்த அடியார்களும்தான். மலையின் குடிகளான மலையாளி மக்களும் தங்களை வந்தேறிகளாகவே சொல்லிக்கொள்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. மலைநாடு சேல நாடு, மொக நாடு, முட்ட நாடு என மூன்றாகப் பிரிந்திருந்தது. நாட்டுக்குப் பட்டக்காரரும் ஊருக்கு ஊர்க்கவுண்டரும் பொறுப்பு. சில குடிசைகள் மட்டுமே உள்ள சிற்றூரில் புது முகம் ஒன்று தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் ஊரே அறிந்துவிடும். அங்கே பெயரேட்டுக்கு வேலை இல்லை.

வந்தவர் யார் என்று கேட்பது சமவெளியிலும் மிகப் பழைய கவலை. அர்த்தசாத்திரம் நகரத் தலைவனின் கடமைகளைச் சொல்லும் பகுதியில் இதற்கு விதி வகுக்கிறது. அறச்சாலை நடத்துபவர் வழிப்போக்கர்களைப் பற்றி அதிகாரிக்குத் தெரிவித்த பிறகே இடம் தர வேண்டும். வீட்டுக்காரரும் தம் வீட்டுக்கு வந்தவரையும் போனவரையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறிய இரவில் குற்றம் நடந்தால் பழி வீட்டுக்காரர்மேல் விழும். குற்றமே நடக்காவிட்டாலும் மூன்று பணம் தண்டம். விருந்தினரைப் பற்றித் தகவல் சொல்லும் பொறுப்பை வீட்டுக்காரர்மேல் வைக்கும் இந்த ஏற்பாடு, சொற்கள் மாறினாலும் பிற்காலச் சட்டங்களிலும் தொடர்கிறது.

தமிழ் மரபு இதே கவலையை வேறு விதமாகத் தீர்த்தது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் புறத்தே வந்து சேர்ந்த கோவலனும் கண்ணகியும் இடைக்குல மூதாட்டி மாதரியின் பொறுப்பில் தங்குகிறார்கள். அவர்களை மாதரிக்கு முன்பின் தெரியாது. ஆனால் சமணத் துறவி கவுந்தியடிகளிடம் அவளுக்கு மதிப்பு உண்டு. அடிகள் கையடையாக ஒப்படைத்ததே போதுமானதாயிற்று. முன்பின் அறியாத இருவருக்கு நடுவே, இருவரும் மதிக்கும் மூன்றாமவர் ஒருவர் நின்று சாட்சி சொல்வதுதான் அந்தக் காலத்து அடையாளச் சான்று. சாட்சி இல்லாமல் வேடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியபுராணத்தின் மெய்ப்பொருள் நாயனார் கதை இருக்கிறது. திருக்கோவலூரில் அரசாண்ட அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, ஏட்டுச்சுவடிக்குள் படைக்கருவியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். வாயில் காத்த தத்தனுக்குச் சந்தேகம் வந்தும் தடுக்க முடியவில்லை. குத்துண்ட நாயனார், கொன்றவனைப் பத்திரமாக ஊர் எல்லைவரை கொண்டுவிடச் சொல்லி உயிர் விடுகிறார். சைவ மரபு இதை அடியார் பக்தியின் உச்சமாகப் போற்றுகிறது. தங்க வருபவரால் வீட்டுக்காரருக்கு நேரக்கூடிய ஆபத்து அந்தக் காலத்தவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதையும் அதே கதை காட்டிவிடுகிறது.

சத்திரங்களில் வேறொரு கேள்வி இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில், 1802இல் எழுந்த ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் போன்ற பெரிய அறக்கட்டளைகளில் எல்லாச் சாதியினருக்கும் உணவு உண்டு. எங்கே உட்கார்வது, எங்கே படுப்பது என்பது மட்டும் சாதியைப் பொறுத்தது. சத்திரத்து வாசலில் பெயரைக் காட்டிலும் குலமே முதலில் விசாரிக்கப்பட்டது. அடையாளச் சோதனை என்ற சொல்லுக்குப் பாதுகாப்பு என்ற பொருள் மட்டுமே இருந்த காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்ததில்லை.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியையும் பேரி முதலிய பழ மரங்களையும் கொண்டுவந்து வைத்தார். அவர் கட்டிய கிரேஞ்ச் பங்களா ஏற்காட்டின் மிகப் பழைய ஐரோப்பிய வீடாகக் கருதப்படுகிறது. 1857 கலகத்தின்போது சேலத்து ஐரோப்பியர்கள் வந்து ஒளிந்துகொள்ள வசதியாக அந்த வீட்டுக்கு அரண் அமைத்து, உணவுப் பண்டங்களைச் சேமித்து வைத்தார்கள் என்று உள்ளூரில் சொல்லப்படுகிறது. வெளியாள் உள்ளே வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தோடுதான் ஏற்காட்டின் முதல் பெரிய வீடு நினைவில் நிற்கிறது.

பிறகு கோடைதோறும் சமவெளியின் வெக்கைக்குத் தப்பி வருவோர் பெருகினார்கள். 1860களில் ரயில் சேலம் வந்தது. ரயிலை விட்டு இறங்கி மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து மட்டக்குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ மலை ஏறினார்கள். தோட்டத் துரைமார் சீசனுக்கு வீடுகளை வாடகைக்கு விட்டார்கள்; இன்றைய பேச்சில் சொன்னால் ஏற்காட்டின் முதல் ஹோம்ஸ்டேக்கள் அவைதான். வாடகைக்கு வருபவரை விசாரிக்க அவர்களுக்குக் காவல் நிலையம் தேவைப்படவில்லை. அறிமுகக் கடிதம் போதும். எந்தப் படைப்பிரிவு, எந்த அலுவலகம், யாருடைய மைத்துனர் என்ற விவரம் அதில் இருக்கும். கவுந்தியடிகள் செய்த வேலையைக் கடிதம் செய்தது. இந்தியர் ஒருவர் அப்படியொரு கடிதத்தோடு வந்து சீசன் பங்களா கேட்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை; நிறமே முதல் சான்றிதழ்.

துரைமார் உண்மையில் கவலைப்பட்டது விருந்தினரைப் பற்றி அல்ல. வேலைக்காரர்களைப் பற்றித்தான். பட்லரும் சமையல்காரரும் பழைய எஜமானர்களிடம் வாங்கிய சிட்டுகளை அடுக்கிக் காட்ட வேண்டும். தோட்டத்துக்கு வரும் கூலியாட்களுக்கு மேஸ்திரி பொறுப்பு. தோட்டத்தில் விளைந்த காபிக்கும் பெரும் காவல் இருந்தது. காபித் திருட்டைத் தடுக்கவென்றே சென்னை மாகாணத்தில் 1878இல் ஒரு தனிச் சட்டம் வந்து, காபி வாங்குவதையும் விற்பதையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. அரசின் பார்வையில் பங்களாவில் படுத்திருக்கும் ஆளைவிடத் தோட்டத்தில் காயும் காபிக்கொட்டை அதிகக் கண்காணிப்புக்கு உரியதாக இருந்தது.

சமவெளிச் சாலைகளில் நிலைமை வேறு. வழிப்போக்கரோடு நட்பாகச் சேர்ந்து நடந்து, தருணம் பார்த்துக் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்த கூட்டங்களைப் பற்றி டாக்டர் ரிச்சர்ட் ஷெர்வுட் 1816இல் சென்னையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் அத்தகைய கூட்டங்கள்மேல் வடக்கே நடத்திய பெரிய வேட்டைக்கு முன்னோடியாக அந்தக் கட்டுரை இன்றும் சுட்டப்படுகிறது. அதே 1816இல் சென்னை அரசு இயற்றிய பதினோராம் ஒழுங்குமுறை, கிராமத் தலைவர்களைக் காவல் கடமைக்குப் பொறுப்பாளிகளாக்கியது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இதை இன்னும் தெளிவாக்கியது. கொள்ளையர், தப்பியோடிய கைதி, தேடப்படும் குற்றவாளி என்று சந்தேகப்படத்தக்க எவரும் ஊருக்குள் வந்தால் மணியக்காரர் முதலிய கிராம அதிகாரிகள் உடனே தகவல் சொல்ல வேண்டும். நிலம் வைத்திருப்போருக்கும் அந்தக் கடமை உண்டு. தோட்டத் துரையும் சட்டப்படி ஒற்றர்தான், அவர் தம்மை அப்படி நினைத்துக்கொள்ளாவிட்டாலும்.

தங்கும் விடுதிகளுக்கென்று தனியாக எழுதப்பட்ட முதல் பெரிய சட்டம் 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம். வடக்கத்திய வழிப்போக்கர் விடுதிகளை மனத்தில் வைத்து எழுதியது என்றாலும், பின்னால் வந்த விதிகளுக்கு அதுவே அச்சாக நின்றது. சராயை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் பதிய வேண்டும். தொற்றுநோயில் யாரேனும் விழுந்தால் பக்கத்துக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். கிணற்றையும் வடிகாலையும் சுத்தமாக வைக்க வேண்டும். கட்டண விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி மாட்ட வேண்டும். மாஜிஸ்திரேட் சொல்லும் எண்ணிக்கையில் காவலாளிகளை நிறுத்த வேண்டும். திருடர் ஏறி உள்ளே வரவோ வெளியே போகவோ உதவக்கூடிய மரங்களையும் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும் என்றுகூட அதில் ஒரு விதி உண்டு. மரக்கிளை வரைக்கும் யோசித்த சட்டம் அது. மாஜிஸ்திரேட் கேட்டால் முந்தின இரவும் பகலும் வந்து தங்கியவர்களின் விவரத்தை அவர் தரும் படிவத்தில் நிரப்பி அனுப்பும் கடமையும் சராய்க்காரருக்கு இருந்தது. மீறினால் அபராதம் இருபது ரூபாய் வரை.

இந்தச் சட்டத்தைக் கவனமாகப் படிப்பவருக்கு ஒன்று புலப்படும். அது காக்க நினைப்பது வழிப்போக்கரையும் அவரது மாட்டையும் வண்டியையும். அது அறிய விரும்புவது ஊரில் யார் நடமாடுகிறார்கள் என்பதை. விடுதி நடத்துபவரின் உயிருக்கோ உடைமைக்கோ வந்தவரால் கெடுதல் நேர்ந்தால் என்ன என்ற கேள்வியே அதில் எழவில்லை. பெயரேடு பிறந்தது அரசின் தேவைக்காக. அதை எழுதும் உழைப்பும் எழுதாவிட்டால் வரும் தண்டனையும் வீட்டுக்காரருடையவை. ஏற்காட்டுக் கதை முழுவதும் இந்த ஒருபக்கக் கணக்கின் கதைதான்.

முதல் உலகப்போர் பெயரேட்டுக்கு நாட்டினம் என்ற புதுக் கட்டத்தைச் சேர்த்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது. அந்த ஆண்டே வெளிநாட்டவர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டமும் வந்தது. இரண்டாம் போர் தொடங்கிய 1939இல் வெளிநாட்டவர் பதிவுச் சட்டமும் அதன் விதிகளும் வந்தன. ஓட்டலில் தங்கும் வெளிநாட்டவரின் விவரத்தைச் சி படிவத்தில் எழுதி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த விதிகளின் மையம். ஓட்டல் என்ற சொல்லுக்கு அவை தந்த விளக்கம் மிக அகலமானது. போர்டிங் ஹவுஸ், கிளப், டாக் பங்களா, பணம் கொடுத்துத் தங்கும் விருந்தினர் இல்லம், சராய் எல்லாமே அதற்குள் அடக்கம். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் 7ஆம் பிரிவு அதே கடமையைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. வீட்டு அறையை வாடகைக்கு விட்டுவிட்டு "எங்களுடையது ஓட்டல் இல்லை, வீடு" என்று சொல்பவருக்கான பதில் இணையம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

ஏற்காட்டில் ஏட்டுக்கு வெளியே பழைய சாட்சி முறையும் தொடர்ந்தது. 1894இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி ஆகியவற்றின் விடுதிகளில் தொலைவூர்ப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விடவும், விடுமுறைக்கு அழைத்துப் போகவும் பெற்றோர் ஆண்டுக்குச் சில முறை மலை ஏறினார்கள். கோடைக் கூட்டம் வருவதற்கும் போவதற்கும் அப்பால், ஆண்டு முழுவதும் அறை தேடும் ஒரு கூட்டத்தைப் பள்ளிகள் உண்டாக்கின. இந்தப் பெற்றோரை விசாரிக்க எளிய வழி இருந்தது: பிள்ளை எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று கேட்டாலே போதும். பள்ளியே சாட்சி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1930களில் தொடங்கிய பிறகு படப்பிடிப்புக் குழுக்களும் வந்தன. அவர்களுக்குக் கம்பெனியின் பெயரே சாட்சி.

அரசு நடத்திய பயணியர் விடுதிகளில் ஒரு பெரிய நோட்டு மேசைமேல் கிடக்கும். பெயர், பதவி, வந்த நேரம், போன நேரம், கட்டிய கட்டணம், குறிப்பு. அந்த நோட்டின் முதல் வேலை கட்டணக் கணக்கு. இரண்டாவது வேலை, இரண்டு அதிகாரிகள் ஒரே அறைக்குப் போட்டியிட்டால் யார் முந்தி வந்தவர் என்று தீர்ப்பது. குறிப்புக் கட்டத்தில் வாட்ச்மேனைப் பற்றியும் கொசுவலையைப் பற்றியும் புகார் எழுதுவார்கள். தன்னைப் பற்றிப் பொய் எழுதும் ஆள் அங்கே வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தவர் பெரும்பாலும் சர்க்கார் ஆள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பேருந்துப் போக்குவரத்து பெருகி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நடுத்தர வர்க்கம் மலைக்கு வரத் தொடங்கியதும் லாட்ஜ்களின் காலம் பிறந்தது. அறிமுகக் கடிதம் போயிற்று, ரிஜிஸ்டர் வந்தது. லாட்ஜ் நடத்துபவரைச் சுற்றி ஒவ்வொரு துறையும் ஒரு கயிறு கட்டியது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தங்கும் விடுதிகளை நோய்த்தடுப்புக் கண்ணோடு பார்த்தது. 1956இல் இயற்றப்பட்ட விபசாரத் தடுப்புச் சட்டம், தன் இடத்தை அதற்குப் பயன்படுத்த அறிந்தே விடுபவருக்குச் சிறைத் தண்டனை வைத்தது. ஓட்டலாக இருந்தால் உரிமத்துக்கும் ஆபத்து. 1981இல் வந்த தமிழ்நாடு ஓட்டல், தங்கும் விடுதி சொகுசு வரிச் சட்டம் அறை வாடகைக்கு வரி போட்டது. காவல்துறைக்கு வந்தவர் பெயர் முழுதாக வேண்டும். வரித்துறைக்கு அறைக்கணக்கு முழுதாக வேண்டும். இரண்டையும் முழுதாக எழுதினால் லாபம் குறையும். நேர்மையான ரிஜிஸ்டருக்கு அரசே அபராதம் விதித்தது போன்ற நிலை இது. சோதனைக்கு வரும் அதிகாரியிடம் நீட்ட ஒரு நோட்டு தயாராக இருக்கும் என்பதால் அதில் இருப்பதெல்லாம் உண்மை என்று ஆகிவிடவில்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் நீளமானது. தங்கும் இடத்தில் போலீஸ் நுழைந்தால் அவமானம் வீட்டுக்காரருக்கு என்ற பயம் "ஃபேமிலிக்கு மட்டும்" என்ற பலகையாக மாறியது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தால் தாலி தெரிகிறதா என்று கவுன்ட்டரில் இருப்பவர் நோட்டம் விடுவார். நான்கு இளைஞர்கள் சேர்ந்து வந்தால் அறை இல்லை என்பார். பாதுகாப்பின் பெயரால் நடந்த இந்தச் சல்லடையில் சட்டம் கொஞ்சம், ஊர் வழக்கம் நிறைய. சத்திரத்து வாசலில் கேட்ட குலக் கேள்வியின் வாரிசு இது என்று சொன்னால் மிகையாகாது. கல்யாணம் ஆனவர் திருடமாட்டார் என்றோ, தனியாக வருபவர் தகராறு செய்வார் என்றோ எந்த ரிஜிஸ்டரும் நிரூபித்ததில்லை.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் பெரிய ஓட்டல்களே களமானதற்குப் பிறகு நிலைமை மாறியது. அதுவரை பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் சாவி கிடைத்தது. பிறகு புகைப்பட அடையாள அட்டையின் நகல் இல்லாமல் சாவி இல்லை என்றாயிற்று. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பின்னர் ஆதார் என்று நகல்கள் லாட்ஜ் அலமாரிகளில் குவிந்தன. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீட்டில் தங்கியிருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐவர் போலீஸ் நடவடிக்கையில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னைப் போலீஸ் உத்தரவிட்டது. லாட்ஜுக்கு இருந்த கடமை வீட்டுச் சொந்தக்காரரின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் மலையின் பொருளாதாரமும் மாறிக்கொண்டிருந்தது. காபி விலையை மட்டும் நம்பித் தோட்டம் நடத்துவது சிரமமானபோது, பங்களாவின் இரண்டு அறைகளை விருந்தினருக்குத் திறந்துவிடுவது நல்ல வருமானமாகத் தெரிந்தது. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டம் இதற்கு ஓர் இலக்கணம் தந்தது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும், வாடகை அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது, படுக்கைகள் பன்னிரண்டு. வீட்டுக்காரர் உடன் இருப்பதுதான் இந்த இலக்கணத்தின் உயிர். வந்தவரோடு உட்கார்ந்து ஒரு காபி குடித்தாலே பாதி விசாரணை முடிந்துவிடும்.

ஏற்காட்டில் இப்போது ஹோம்ஸ்டே என்ற பெயரில் இருப்பவற்றில் இந்த இலக்கணத்துக்குப் பொருந்தாதவையும் உண்டு. சொந்தக்காரர் சேலத்திலோ சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பார். மலையில் இருப்பவர் கேர்டேக்கர்; பல இடங்களில் அவர் மனைவி சமைப்பார், பிள்ளைகள் அங்கேயே வளரும். புக்கிங் ஆப்பில், அட்வான்ஸ் ஜிபேயில், ஆதார் படம் வாட்ஸ்அப்பில். படத்தில் இருப்பவர்தான் காரிலிருந்து இறங்குகிறாரா, நால்வர் என்று சொல்லிவிட்டு ஒன்பது பேர் இறங்குகிறார்களா என்று பார்ப்பது கேர்டேக்கர் ஒருவரே. இரவு பதினொரு மணிக்குப் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்பவரும், தீ மூட்டாதீர்கள் என்பவரும், காட்டெருமை நடமாடும் பாதையில் போகாதீர்கள் என்பவரும் அவரே. குடித்த கூட்டம் ஒன்றை எதிர்த்துப் பேச அவருக்கு இருக்கும் அதிகாரம் கையில் உள்ள டார்ச் விளக்கு அளவுதான். சொந்தக்காரருடைய உடைமைக்கு வைப்புத்தொகை உண்டு, கேமரா உண்டு. கேர்டேக்கர் குடும்பத்தின் பாதுகாப்புக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. விருந்தளிப்பவரின் பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இவரை மறந்துவிட்டே பேசுகிறார்கள்.

சட்டத்தின் பார்வையில் இந்த விருந்தினர் குத்தகைதாரர் அல்ல, உரிமம் பெற்றுத் தங்குபவர். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும், டெல்லி இம்பீரியல் ஓட்டல் தொடர்பான வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இந்த வேறுபாட்டின் அடிப்படைகள். ஒப்பந்தத்தை மீறியவரை வெளியேறச் சொல்லும் உரிமை இதனால் வீட்டுக்காரருக்குக் கிடைக்கிறது. மலைமேல் நள்ளிரவில் அந்த உரிமையை யார் நிறைவேற்றித் தருவது என்பது வேறு விஷயம்.

ஆப் வழிப் புக்கிங் முறை தன் பங்குக்கு இழந்த சாட்சியை மீண்டும் உண்டாக்க முயன்றது. 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி, ஆரம்பத்தில் முன்பின் தெரியாதவர்களின் நல்லெண்ணத்தையே முதலாக வைத்து ஓடியது. 2011இல் அதே நகரத்தில் ஒரு பெண்ணின் வீட்டை விருந்தினர் சூறையாடிவிட்ட செய்தி உலகம் முழுதும் பரவியது. உடனே வீட்டுக்காரருக்கு ஐம்பதாயிரம் டாலர் வரை இழப்பீட்டு உத்தரவாதம் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு அது பத்து லட்சம் டாலராக உயர்ந்தது. 2013இல் அடையாள அட்டைச் சரிபார்ப்பு வந்தது. வீட்டுக்காரரின் நட்டத்திலிருந்து பிறந்த முதல் அடையாளச் சோதனை இதுதான் எனலாம். அதையும் செய்தது அரசு அல்ல, கம்பெனி. வீட்டுக்காரரும் விருந்தினரும் ஒருவருக்கொருவர் போடும் நட்சத்திரங்கள் கவுந்தியடிகளின் இடத்தைப் பிடித்தன. முந்தின வீட்டுக்காரர் பயந்தோ பெருந்தன்மையாகவோ ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டால் அடுத்தவருக்கு அது பொய்ச்சாட்சி. கண்காணிப்பு மறுபக்கமும் கசந்தது: வீட்டுக்குள் கேமரா வைப்பதை 2024 ஏப்ரல் 30 முதல் அந்தக் கம்பெனி உலகெங்கும் முற்றாகத் தடை செய்தது.

வீட்டு வாடகை முறையும் பழைய லாட்ஜ் ஒழுக்கமும் தமிழ்நாட்டில் நேருக்கு நேர் மோதியது கோயம்புத்தூரில். 2019 ஜூனில் அங்கே ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டில் சோதனை போட்ட அதிகாரிகள், மணமாகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்ததையும் மதுப் புட்டிகள் இருந்ததையும் காரணமாகக் காட்டி இடத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மணமாகாதவர்கள் ஓட்டல் அறையில் சேர்ந்து தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று நீதிபதி எம். எஸ். ரமேஷ் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்து, சீலை அகற்ற உத்தரவிட்டார். பலகைகள் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. ஆனால் பலகைக்குப் பின்னால் இருப்பது சட்டம் அல்ல, சொந்தக்காரரின் விருப்பம் மட்டுமே என்பது அன்றோடு தெளிவாகிவிட்டது.

கொரோனா காலம் சோதனையை வீட்டு வாசலிலிருந்து மலையடிவாரத்துக்கு இறக்கியது. 2020 செப்டம்பரில் மாநிலத்துக்குள் பயணம் செய்ய இ-பாஸ் தேவையில்லை என்று அரசு தளர்த்தியபோதும், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் அந்தத் தளர்வு தரப்படவில்லை. ஏற்காட்டுக்குச் சேலம் வழியாக ஒன்றும் குப்பனூர் வழியாக ஒன்றுமாக முக்கியப் பாதைகள் இரண்டுதான் என்பதால் மலை முழுவதையும் ஒரே விடுதிபோல நடத்த முடிந்தது. பின்னர் 2024 மே 7 முதல், வாகன நெரிசலைக் காரணமாகக் கொண்டு உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது ஏற்காடு அதில் சேர்க்கப்படவில்லை.

சேகரித்த நகல்களுக்கு என்ன கதி என்ற கேள்வி தாமதமாகவே எழுந்தது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கொண்டு அடையாளம் உறுதிசெய்ய வழிவிட்டிருந்த 57ஆம் பிரிவின் பகுதியை ரத்து செய்தது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஓட்டல்கள் போன்ற இடங்களில் ஆதார் நகலைக் கொடுக்க வேண்டாம், தேவையானால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில், மே 29 அன்று, அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஏற்காட்டு லாட்ஜ் கவுன்ட்டரில் மறைப்பு ஆதாரை நீட்டிப் பார்த்தவர்களுக்கு அங்கே எழும் குழப்பம் தெரியும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகளும் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தேவை முடிந்த தரவை அழிக்க வேண்டும் என்பது அவற்றின் கோட்பாடு. கேர்டேக்கர் செல்போனின் கேலரியில் குடும்பப் படங்களுக்கு நடுவே கிடக்கும் விருந்தினர் ஆதார்களை யார், எப்போது அழிப்பது என்பதை இனிமேல்தான் வீட்டுக்காரர்கள் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஏற்காட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல் கட்டடங்களின் அடையாளம். மலையிடப் பாதுகாப்புக்காக 1990இல் உருவான ஆணையத்தின் வரம்புக்குள் ஏற்காடு வருகிறது. கட்டட அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. காபித் தோட்டத்துக்கு நடுவே அனுமதியின்றி எழுந்த காட்டேஜின் சொந்தக்காரர் ரிஜிஸ்டர் வைத்துப் போலீசுக்குக் காட்டினால் முதலில் மாட்டுவது அவரேதான். தன் வீட்டுக்கே சரியான காகிதம் இல்லாதவர் வந்தவரிடம் காகிதம் கேட்பதில் அழுத்தம் காட்டமாட்டார். பதிவு செய்யாமல் நடக்கும் வீடுகளில் சோதனை தளர்வாக இருப்பதற்கு அலட்சியத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம். அங்கே வீட்டுக்காரருக்கு ஏதேனும் நேர்ந்தால் புகார் கொடுக்கவும் அவர் இரண்டு முறை யோசிப்பார். பெயரேடு வைக்காததன் விலை கடைசியில் அவருக்கே வருகிறது.

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1939, 1946 சட்டங்களின் இடத்தைப் பிடித்தது. தங்க இடம் தருபவர் வெளிநாட்டவரின் விவரத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை அதில் தொடர்கிறது. தகவல் இப்போது இணையம் வழியாகப் போகிறது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்வி நிறுவனங்களுக்கும், வெளிநாட்டவருக்குச் சிகிச்சையும் தங்க இடமும் தரும் மருத்துவமனைகளுக்கும் அதே போன்ற கடமை உண்டு. விடுதிப் பள்ளிகள் நிறைந்த ஏற்காட்டில் லாட்ஜும் ஹோம்ஸ்டேயும் பள்ளியும் இந்த விஷயத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றன. உள்நாட்டு விருந்தினருக்கு இப்படி நாடு தழுவிய ஒரே சட்டம் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை போலீஸ் உத்தரவு, உள்ளாட்சி உரிமத்தின் நிபந்தனை, சுற்றுலாத் துறைப் பதிவின் விதி, புக்கிங் ஆப்பின் ஒப்பந்தம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் நடைமுறையைத் தீர்மானிக்கின்றன.